முப்பத்தெட்டு வருஷம் இறங்காத பந்து

பனைவிளாகத்தில் யாரைப் பிடித்து வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பழைய சிமெண்ட் மைதானத்துக்கு மேலே ஒரு கூடைப்பந்து இருபத்தோரு நாள் அந்தரத்தில் நின்றது உண்மைதானா என்று. பந்து நின்றதைப் பற்றி அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள், நின்றது, நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும், ஆனால் அந்த இருபத்தோரு நாளும் நாங்களும் உடைமரத்தூர்க்காரர்களும் பட்ட பாடு இருக்கிறதே என்று தொடங்கி, கையிலிருக்கும் டீ ஆறி ஆடை கட்டும்வரை உங்களை விட மாட்டார்கள். எல்லோரையும்விட அதிகம் பட்டவர் பேக்கரிக்காரர் கோயில்பிள்ளை என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கோயில்பிள்ளைக்கு வயது ஐம்பத்தொன்பது. பஜாரில் பொறையும் மக்ரூனும் விற்கிற கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டில் மனைவி தங்கபுஷ்பம், அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் அவர் யாருக்கும் எதிரே உட்கார்ந்து பேசக்கூடக் கூச்சப்படுகிற மனுஷன். பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் பெரிய ஆள், ஏனென்றால் அன்றைக்குக் கடைசி எட்டு வினாடி அவருடையது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். 1986-ல் பனைவிளாகம் கல்லூரி, உடைமரத்தூர் கல்லூரியை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்துக் கூடைப்பந்துக் கோப்பையை வாங்கியது. அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை. அன்று காலரிப் படிகளில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திய பையன்கள் எல்லாம் அடுத்த வருஷத்திலிருந்தே வருஷத்துக்கு ஒருமுறை அதே மைதானத்தில் கூடி அந்த ஆட்டத்தைப் பேசித் தீர்க்க ஆரம்பித்தார்கள், வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, தொப்பை வைத்த பிறகும் விடவில்லை. முதல் வருஷம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி, அடிதடியாகி, ஒருவருக்கு முன்பல் போயிற்று. அடுத்த வருஷம் விடுதிக் காப்பாளர் குறுக்கே விழுந்து, திருவிழாவில் நாளுக்கொருவர் மண்டகப்படி எடுப்பதில்லையா, அதுபோல நிமிஷத்துக்கு ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று, நாற்பது நிமிஷ ஆட்டத்தைச் சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்டுக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். அவரவர் நிமிஷத்தை அவரவர்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் நிமிஷத்தில் வாய் வைக்கக் கூடாது, தப்பாகவே சொன்னாலும் திருத்தக் கூடாது. சுடலைமுத்து தன்னுடைய ஏழாவது நிமிஷத்தில் பனைவிளாகத்துக்கு ஆறு ஆட்டக்காரர்களை ஆடவிடுவார், ஐந்து பேர் ஆடுகிற ஆட்டம் அது என்று அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், ஆனாலும் ஒருவரும் மூச்சு விட மாட்டார்கள். பன்னிரண்டாவது நிமிஷத்துக்காரர் வாரிசில்லாமல் இறந்துபோனதால், அந்த நிமிஷம் வந்ததும் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அறுபது வினாடி சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த நிமிஷத்தில் விழுந்த நான்கு புள்ளிகளை யார் போட்டார்கள் என்பது இப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

கடைசி எட்டு வினாடிக்கு மட்டும் சீட்டுக் குலுக்கவில்லை. அது தானாகவே கோயில்பிள்ளைக்கு வந்தது. ஆட்டக்காரர்களின் வியர்வை தரையில் சொட்டி வழுக்காமலிருக்க, சாக்கை வைத்துத் துடைக்கிற வேலையை அன்று கேட்டு வாங்கியிருந்தவர் அவர். ஆகவே காலரியில் இல்லாமல், வளையத்துக்கு நேர் கீழே, கோட்டுக்கு வெளியே, சாக்கும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். அவரைவிடக் கிட்டத்தில் நின்றவர்கள் யாரும் இல்லை. உடைமரத்தூர் அறுபத்திரண்டு, பனைவிளாகம் அறுபத்தொன்று, எட்டு வினாடிதான் பாக்கி, ஒன்பதாம் நம்பர் துரைசிங்கம் வலது ஓரத்திலிருந்து பந்தை எறிகிறான், எறிந்த கையோடு இரண்டு பேர் அவன்மேல் விழுகிறார்கள், நேரம் முடிந்த விசில் ஊதுகிறது, பந்து ஆகாயத்தில் இருக்கிறது, ஆகாயத்தில் இருக்கிற பந்து உள்ளே விழுந்தால் இரண்டு புள்ளி, விழாவிட்டால் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் கோயில்பிள்ளை கொஞ்சம் நிறுத்தி, வலை சிலிர்த்துக்கிட்டு நின்னுச்சு மக்கா என்று சொல்லுவார், அதோடு பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

துரைசிங்கம் ஒவ்வொரு வருஷமும் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வருவார். அன்று அவர்மேல் இரண்டு பேர் விழுந்ததில் வலது முழங்கால் மூட்டு நொறுங்கி, அதன்பின் அவர் பந்தைத் தொடவே இல்லை. அந்தக் கோப்பையின் புண்ணியத்தில் துறைமுகத்தில் வேலை கிடைத்து, முப்பத்தைந்து வருஷம் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து ஓய்வும் பெற்றுவிட்டார். அவருக்கு எந்த நிமிஷமும் பங்கில் இல்லை, ஆடினவர்கள் சொல்லக் கூடாது என்பதும் சட்டம்தான். அவர் பாட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முப்பத்தொன்பது நிமிஷமும் சும்மா கேட்டுவிட்டு, கடைசி எட்டு வினாடி வந்ததும் கொஞ்சம் முன்னால் குனிந்து கோயில்பிள்ளையின் வாயையே பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் கோயில்பிள்ளை வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொன்னார்.

முப்பத்தெட்டாவது வருஷம், பந்து கையை விட்டுப் புறப்பட்டது என்கிற இடத்தில் கோயில்பிள்ளை வழக்கம்போல நிறுத்தியபோது, துரைசிங்கம் சட்டத்தை மீறி வாயைத் திறந்தார். அடுத்த மாதம் டாக்டர் அந்த மூட்டை எடுத்துவிட்டு வேறு மூட்டு வைக்கப்போவதாக அன்று காலையில்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"ஏல கோயிலு, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த மூட்டு எங்கிட்ட இருக்கும்போதே தெரிஞ்சுக்கிடணும்னு நெனைக்கேன். பந்து வளையத்துல முட்டிட்டு விழுந்துச்சா, முட்டாம விழுந்துச்சா?"

சாதாரணக் கேள்வி. முட்டியது, முட்டவில்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் முடிந்தது. கோயில்பிள்ளை வாயைத் திறந்தார், திறந்த வாய்க்குள் ஒன்றும் இல்லை. மறுபடி திறந்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே பார்த்தார்கள். வளையத்துக்கு மேலே, கொஞ்சம் வலப்பக்கமாக, ஒரு தென்னை உயரத்தில் ஒரு பழைய தோல் பந்து தன்னைத்தானே மெதுவாகச் சுற்றிக்கொண்டு நின்றது. சுடலைமுத்து அதைப் பார்த்துவிட்டு, மணி நாலாகுது, பொறையை எடுங்க, டீ வந்துரும் என்றார்.

முதல் இரண்டு நாள் ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரிக்குப் புது உள்ளரங்கம் வந்தபிறகு அந்த சிமெண்ட் மைதானம் விடுதிச் சமையலறைக்காரர்கள் மிளகாய் காயப்போடவும், ஆசிரியர்கள் இருசக்கர வண்டி நிறுத்தவும்தான் பயன்பட்டது; பந்தின் நிழல் காலையில் மிளகாய் மேலும் மாலையில் வண்டிகள் மேலும் விழுந்தது, அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. முதல்வர் மட்டும், பந்துக்கு நேர் கீழே வண்டி நிறுத்துவோர் தம் சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும் என்று ஒரு அறிவிப்பு ஒட்டினார். ஒரு காகம் பந்தின்மேல் உட்காரப் பார்த்தது, பந்து சுற்றியதால் அதுவும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று, காலை முழுக்க நடந்து நடந்து களைத்துப்போய்ப் பறந்துவிட்டது. மூன்றாம் நாள் தீயணைப்பு வண்டி வந்து ஏணி போட்டது. ஏறின ஆள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கி, அசைய மாட்டேங்குது சார், ஆனா இப்பத்தான் யாரோ கையில வச்சிருந்த மாதிரிச் சூடா இருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகுதான் வினை வந்தது. பந்து நிற்கிற செய்தி முப்பது கிலோமீட்டர் தாண்டி உடைமரத்தூருக்குப் போக ஐந்து நாள் ஆயிற்று, ஆறாம் நாள் இரண்டு வேன்களில் அவர்கள் வந்து இறங்கினார்கள். தலைமை சம்மனசு, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், அன்று உடைமரத்தூரின் பதின்மூன்றாம் நம்பர், துரைசிங்கத்தின்மேல் விழுந்த இருவரில் ஒருவர். அவர் மேலே ஒரு பார்வை பார்த்தார், வேனிலிருந்து சோற்று வாளிகளை இறக்கச் சொன்னார், பிறகு முதல்வரிடம் போய் மிகவும் மரியாதையாக, பந்து இன்னும் ஆகாயத்தில்தான் இருக்கிறது, ஆகவே ஆட்டம் இன்னும் முடியவில்லை, இந்த நிமிஷத்துக் கணக்குப்படி உடைமரத்தூர் அறுபத்திரண்டு, பனைவிளாகம் அறுபத்தொன்று, ஆகவே கோப்பையைப் பொதுவான இடத்தில் வைக்க வேண்டும் என்றார். முதல்வர் அந்த ஆட்டம் நடந்தபோது பிறந்திருக்கவே இல்லை.

கோப்பையை எங்கே வைப்பது என்று ஒரு வாரம் பேசினார்கள். போலீஸ் ஸ்டேஷனில், இதற்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தேவாலயத்தில் வைத்தால் சபைப் போதகரான ஐயர் ஜெபத்தில் பனைவிளாகத்தின் பெயரை முதலில் சொல்லிவிடுவார் என்று உடைமரத்தூர்க்காரர்கள் பயந்தார்கள். கடைசியில் இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுகிற டவுன் பஸ்ஸின் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டி வைத்தார்கள். கோப்பை ஒரு நாளைக்கு எட்டு தடவை அங்கும் இங்கும் போய் வந்தது, எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை இரண்டு ஊர்க்காரர்களும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று கவனித்தார்கள். காலரியின் மேற்குப் பக்கம் பனைவிளாகம், கிழக்குப் பக்கம் உடைமரத்தூர் என்று தினமும் சாயங்காலம் கூட்டம் உட்கார்ந்து பந்தைப் பார்க்கத் தொடங்கியது. சும்மா எவ்வளவு நேரம் பார்ப்பது, ஆகவே அவர்கள் பேசத் தொடங்கினார்கள், பேச்சு விசாரணையாயிற்று.

பந்து உள்ளே விழுந்ததை யார் கண்ணால் கண்டது என்பதுதான் விசாரணை. கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியது. நேரம் பார்த்தவர், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன் என்றார். புள்ளி எழுதியவர், நான் தாளைப் பார்த்துக்கிட்டிருந்தேன் என்றார். போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்துப் பிலிம் சுருள் மாற்றிக்கொண்டிருந்தார். காலரியில் பாதிப் பேர் விழுந்து கிடந்த துரைசிங்கத்தைப் பார்த்திருக்கிறார்கள், மீதிப் பாதி நடுவரைப் பார்த்திருக்கிறார்கள், நடுவர் இரண்டு விரலைக் காட்டிப் புள்ளி கொடுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, ஆனால் அவர் எதைப் பார்த்துக் கொடுத்தார் என்று கேட்க அவர் உயிரோடில்லை. சம்மனசுவும் தான் துரைசிங்கத்தின் முதுகுமேல் கிடந்ததாகவும், தரையைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை என்றும், ஆனால் காது கிழிகிற மாதிரிக் கூச்சல் கேட்டதை வைத்துத் தோற்றுவிட்டோம் என்று தெரிந்துகொண்டதாகவும் ஒத்துக்கொண்டார். அத்தனை பேரும், பார்க்காதவன் நான் ஒருவன்தான், மற்றவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியிருந்தார்கள். ஒருவர் நிமிஷத்தை இன்னொருவர் கேட்கக் கூடாது என்று சட்டம் வைத்துக்கொண்டால் வேறென்ன நடக்கும்.

ஆகவே எல்லா வழியும் கோயில்பிள்ளையிடம் வந்து முடிந்தது. அவர்தான் வளையத்துக்குக் கீழே நின்றவர். அவர் சொல்லி முடிக்காமல் பாதியில் விட்டதால்தான் பந்து பாதியில் நிற்கிறது, ஒழுங்காகச் சொல்லி முடித்தால் இறங்கிவிடும் என்று இரண்டு ஊரும் ஒரே மனதாக முடிவு கட்டியது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் அவர்கள் ஒத்துப்போனார்கள். கோயில்பிள்ளையைக் கடையிலிருந்து கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவர் முட்டாமல் விழுந்தது என்று சொன்னார், பந்து அசையவில்லை. முட்டி விழுந்தது என்றார், அசையவில்லை. பலகையில் பட்டு விழுந்தது, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது, நின்று யோசித்து விழுந்தது என்று நாளுக்கொரு விதமாகச் சொன்னார். மெதுவாகச் சொல்லும் என்று ஒருவர், கத்திச் சொல்லும் என்று ஒருவர், குளித்துவிட்டு வந்து சொல்லும் என்று ஒருவர். பந்து தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

பொய் சொல்லுகிறோம் என்று கோயில்பிள்ளை நினைக்கவில்லை, அதுதான் வேடிக்கை. அவர் மனதுக்குள் பந்து விழுகிற காட்சி தெளிவாக இருந்தது, வலை மேலே சுருண்டு சிலிர்ப்பதுகூடத் தெரிந்தது. பதினெட்டாம் நாள், இருபதாவது நிமிஷத்துக்காரர் மைதீன் யாருக்கோ தன் நிமிஷத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் தற்செயலாகக் கேட்டார். முப்பத்தேழு தடவை கேட்டதுதான், ஆனால் தன் பங்கு எப்போது வரும் என்ற படபடப்பில் ஒரு தடவையும் காதில் வாங்கியதில்லை. இடைவேளை நெருங்கும்போது இரண்டு வளையத்திலும் வலை கிழிந்து தொங்கியது, அதை அறுத்து எறிந்துவிட்டு மீதி ஆட்டத்தை மொட்டை வளையத்தில்தான் ஆடினார்கள் என்று மைதீன் சொல்லிக்கொண்டிருந்தார். கோயில்பிள்ளை, இல்லாத வலை எப்படிச் சிலிர்க்கும், சிலிர்க்காத வலையை நான் எந்தக் கண்ணால் பார்த்தேன், அப்படியானால் நான் பார்த்தது எது என்று புரியாமல், உச்சி வெயிலில் செருப்பை மைதானத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

தங்கபுஷ்பம் கடையில் மக்ரூனைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அவளும் அந்தக் கல்லூரிதான், அன்று காலரியில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவள்தான், ஆனால் பெண்களுக்கு நிமிஷம் பங்கு போடவில்லை, ஆகவே அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கோயில்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"புஷ்பம், அன்னிக்கு பந்து விழுந்ததை நீ பாத்தியா?"

"பந்தை யாரு பாத்தா? நான் உங்களைல்லா பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்னையா?"

"அப்பம் நான் அங்க வந்ததே அதுக்குத்தான். நீங்க சாக்கை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிட்டு நின்னிய. மூடின கண்ணோட 'விழுந்துட்டு'ன்னு ஒரு சத்தம் போட்டிய. அதுக்குப் பெறகுதான் எல்லாரும் கத்துனாவ. நடுவர் உங்க பக்கம் திரும்பிப் பாத்துட்டுத்தான் வெரலைக் காட்டுனாரு."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, வருஷத்துல ஒரு நாள் நாலு பேரு முன்னாடி நிமிந்து நிக்கிய, அதை நான் எதுக்குக் கெடுக்கணும் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பொட்டலத்தை எடுத்தாள். கோயில்பிள்ளைக்கு இருபத்தோரு வயதில் மூடின கண்ணுக்குள் இருந்த இருட்டு அப்படியே திரும்பி வந்தது. விழுந்துவிட வேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டதும், வேண்டுதல் வாய் தவறிச் சத்தமாக வெளியே வந்ததும் நினைவுக்கு வந்தது. விழுந்துவிட்டது என்று அத்தனை பேரும் சொன்ன பிறகு பந்துக்கு விழ வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருக்கிறது, அது அங்கேயே நின்றுவிட்டது. இது ஒன்றும் அவருக்கு ஆச்சரியமாக இல்லை. துரைசிங்கத்திடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவரைக் கொன்றது. ஒரு மனுஷன் கால் போனாலும் பந்து விழுந்ததே என்று முப்பத்தெட்டு வருஷம் நொண்டி நொண்டி நடந்திருக்கிறான், இன்னும் ஐந்து நாளில் அந்த மூட்டையும் அறுத்து எடுத்துவிடுவார்கள், அவனிடம் போய், நீ எதற்காகக் காலைக் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது.

இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்குத் துரைசிங்கம் மகளுடைய காரில் வந்தார். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி, அதற்குமுன் பந்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று அடம்பிடித்தாராம். மகள் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு அவரைக் கூட்டிவந்து வளையத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, நிழலுக்காகக் காலரிக்குப் போனாள். இரண்டு பக்கமும் கூட்டம் நிரம்பி வழிந்தது. பஸ்ஸிலிருந்து கோப்பையையும் அவிழ்த்துக்கொண்டுவந்து நடுக்கோட்டில் வைத்திருந்தார்கள். கோயில்பிள்ளை கூட்டத்திலிருந்து எழுந்து போய்த் துரைசிங்கத்தின் முன்னால் நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"துரை, நான் பாக்கல."

"எதை?"

"பந்தை. பயத்துல கண்ணை மூடிட்டேன். விழணும்னு நெனைச்சுக் கத்திட்டேன், நான் கத்துனதைக் கேட்டுத்தான் எல்லாரும் கத்துனாவ. வருசா வருசம் உனக்குச் சொன்னதெல்லாம் நானாச் சேத்துச் சொன்னது. விழுந்துச்சா விழலையா, எனக்குத் தெரியாது."

மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் இரண்டு காலரிக்கும் கேட்டது. பந்து சுற்றுவதை நிறுத்தாமல், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் எந்த வேகத்தில் வந்திருக்க வேண்டுமோ அந்த வேகத்தில் இறங்கியது. வளையத்தின் இடது விளிம்பில் முட்டியது, ஒரு சாண் எழும்பியது, மறுபடியும் அதே இடத்தில் முட்டியது, வெளியே விழுந்தது. சிமெண்ட் தரையில் நாலைந்து தடவை குதித்து, காயப்போட்டிருந்த மிளகாயை நோக்கி உருண்டு போயிற்று.

யாரும் கத்தவில்லை. பனைவிளாகத்துக்காரர்கள் கத்த ஒன்றுமில்லை. உடைமரத்தூர்க்காரர்கள் அந்த நொடியில் ஜெயித்திருந்தார்கள், ஆனால் முப்பத்தெட்டு வருஷம் தோற்றே பழகிய அவர்களுக்கு, ஜெயித்தால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சம்மனசு எழுந்து நின்றார், நடுக்கோட்டில் இருந்த கோப்பையைப் பார்த்தார், இரண்டடி வைத்தார், பிறகு என்ன நினைத்தாரோ திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். கடைசி எட்டு வினாடி இன்னும் தன்னுடையதுதான் என்று கோயில்பிள்ளைக்குத் தோன்றியது. தரையில் உட்கார்ந்தபடியே, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்.

"முட்டிச்சு, துரை. எடப்பக்கம் ரெண்டு தரம் முட்டி வெளிய போயிட்டு."

துரைசிங்கம் மேலே பார்க்கவே இல்லை. மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரல் நுனியைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இந்த வெரல் அன்னிக்கே சொல்லிச்சுல. கையை விட்டுப் போகும்போதே வழுக்கிட்டு, எடப்பக்கம் முட்டி வெளிய போயிரும்னு கீழ கெடக்கும்போதே எனக்குத் தெரியும். எந்திரிக்கதுக்குள்ள நீங்க எல்லாரும் விழுந்துட்டுன்னு கத்துனிய, தோள்ல தூக்குனிய. ஊரே சொல்லுது, அப்ப எங்கைதான் பொய் சொல்லுதுன்னு நெனைச்சேன். பெறகு எதுலயும் இந்தக் கையை நான் நம்பல, கோயிலு. எம்பிள்ளை ரெண்டு பேரையும் கைக்குழந்தையில நான் தூக்குனதே இல்ல. கை தவறிரும்னு பயம்."

கோயில்பிள்ளை, தன் ஒரு சத்தம் ஒரு ஊருக்குக் கோப்பையைக் கொடுத்தது, இன்னொரு ஊரிடமிருந்து பிடுங்கியது, துரைசிங்கத்தின் கால் வீணாய்ப் போயிற்று என்றுதான் மூன்று நாளாக உருகிக்கொண்டிருந்தார். அது துரைசிங்கத்தின் வீட்டுக்குள்ளும் போய் இரண்டு குழந்தைகளைத் தகப்பன் கைக்கு எட்டாமல் வைத்திருந்தது என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அவர் அழுதார், அழுகையை மறைக்கவும் இல்லை. காலரி முழுக்க, யாருக்காக வருத்தப்படுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது.

துரைசிங்கத்தின் மகள் காலரிப் படியில் இறங்கி வந்தாள். அப்பா பேசியதை அவள் கேட்டிருந்தாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துச் சரிசெய்து, அப்பாவுக்கு முன்னால் குனிந்து நீட்டினாள். துரைசிங்கம் கையை வேட்டியில் ஒரு தடவை துடைத்தார். இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தையை வாங்கிக்கொண்டார்.